ஊருக்குள் வரும் சுகாதாரத் திட்டங்களால் உண்மையில் பலன் உண்டா? வேலூர்ப் பகுதி மக்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் ஒன்றியங்களில் துணை சுகாதார நிலைய வாசலிலும், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும், மகளிர் குழுக் கூட்டங்களிலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்தன. சிலர் கேள்வியாகக் கேட்டார்கள், சிலர் குற்றச்சாட்டாகக் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

சமூக சுகாதாரத் திட்டம் என்றால் முகாம் போடுவதுதானே, நர்சம்மா?

முகாம் அதில் ஒரு சிறு பகுதி. ஓர் ஊரில் வாழும் அனைவரையும், நோயாளி என்றும் நோயில்லாதவர் என்றும் பிரிக்காமல், தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, நோய் வருமுன் தடுக்கவும் வந்ததைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கவும் அந்த ஊர் மக்களையே பங்காளிகளாக்கித் தொடர்ந்து நடத்தப்படும் வேலைதான் சமூக சுகாதாரத் திட்டம். முகாமில் வந்தவர்களின் தலையை எண்ணுகிறோம். திட்டத்தில் வராதவர் யார் என்று பார்த்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பந்தலும் ஒலிபெருக்கியுமாக நடந்த ஒரு பெரிய முகாமில் பலருக்கு இரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். மறு மாதம் அந்தச் சீட்டுகளின் நகலோடு வீடு வீடாகச் சென்றபோது, பாதிப் பேருக்கு மேல் மாத்திரையைத் தொடங்கவே இல்லை என்று தெரிந்தது. முகாமின் அறிக்கையில் அது வெற்றியாகவே பதிவாகியிருந்தது.

வேலூரிலேயே இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். நீங்கள் ஊருக்குள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

சி.எம்.சி. என்ற அந்தப் பெரிய மருத்துவமனையைத் தோற்றுவித்தவரே ஊருக்குள் போனவர்தான். 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், மருத்துவமனைக் கட்டடம் எழுந்த பிறகும், குடியாத்தம் சாலையில் வழக்கமாகச் சென்று மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். நோயாளி நடந்து வந்து சேரும் தூரத்தில்தான் மருத்துவம் தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் பாகாயத்தை மையமாகக் கொண்டு கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்த சமூக சுகாதாரப் பணியும், 1977இல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் தொடங்கிய ருசா என்ற கிராம சுகாதார, சமூக நலத் திட்டமும் அதே வழியில் வந்தவையே.

தொழுநோயைப் பாருங்கள். விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கு டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூரில் செய்த அறுவை சிகிச்சைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் கை மடங்குவதற்கு முன்பே, முதுகில் ஒரு தேமல் அளவில் நோய் இருக்கும்போதே கண்டுபிடித்தவர்கள், குடியாத்தம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று தோலைப் பரிசோதித்த காரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்தின் களப்பணியாளர்கள். அவர்கள் காப்பாற்றிய கைகளுக்குப் படம் கிடையாது. அவை இன்றும் களை பறித்துக்கொண்டும் பூத் தொடுத்துக்கொண்டும் இருக்கின்றன.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்காக பி.பி. பார்க்க வேண்டும்?

தொந்தரவு இல்லாமல் இருப்பதுதான் இரத்த அழுத்தத்தின் இயல்பு. தலைச்சுற்றல் வரும் என்று காத்திருப்பவர்களில் சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்துவிடுகிறது. சர்க்கரையும் பல ஆண்டுகள் அடையாளம் காட்டாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் பாதிக்கக்கூடியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு மாத்திரையும் வாசலுக்கு வருகிறது. கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க முடியாதவர்தான் மாத்திரையை முதலில் நிறுத்துகிறார். அவருக்கு அறிவுரையைக் காட்டிலும் அந்த ஒரு நாள் கூலி முக்கியம் என்பதைத் திட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

பத்தாவதுகூடத் தாண்டாத பெண் வந்து சொல்வதை வைத்து நோய் குறையுமா? டாக்டர் அல்லவா வர வேண்டும்?

இந்த ஐயம் மருத்துவர்களுக்கே இருந்தது; அதனால்தான் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர், கிராமப் பெண்களுக்குப் பிறந்த குழந்தையைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்ப்பது, சூடாக வைத்திருப்பது, மூச்சுத் திணறலையும் கிருமித் தொற்றையும் கண்டுகொண்டு சிகிச்சை தொடங்குவது ஆகியவற்றை அந்தப் பெண்கள் வீட்டிலேயே செய்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு, ஒப்பீட்டுக்கு எடுத்த ஊர்களைக் காட்டிலும் 62 சதவீதம் குறைந்திருந்தது. நேபாளத்தின் மக்வான்பூரில் மருத்துவப் பயிற்சியே இல்லாத உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை தாய்மார்களைக் கூட்டிப் பேச வைத்தார். அங்கும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்று 2004இல் வெளியானது.

பெரியவர்களின் நோய்களிலும் இப்படித்தான். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீடுகளுக்குத் தொடர்ந்து சென்றதால், இரண்டு ஆண்டுகளில் மேல் அழுத்தம் (சீட்டில் முதலில் எழுதும் பெரிய எண்) மற்ற கிராமங்களைவிடச் சராசரியாக 5 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்தது. 5 புள்ளிகள் ஒருவருக்குச் சிறிதாகத் தோன்றும். ஒன்றியம் முழுவதற்கும் கணக்கிட்டால் எத்தனையோ பக்கவாதங்கள் வராமல் போகும்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த எல்லா இடங்களிலும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பயிற்சியும், மருந்தும், மேற்பார்வையும், அவர் அனுப்பிவைக்கும் நோயாளியை மதித்து ஏற்றுக்கொள்ளும் மருத்துவரும் இருந்தார்கள். பையையும் பதிவேட்டையும் மட்டும் கொடுத்துத் தெருவில் விட்டுவிட்டு, பலன் இல்லை என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

என் தாத்தா 90 வயது வரை பீடி குடித்தார், கருவாடு தின்றார், ஒன்றும் ஆகவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் தாத்தா நீண்ட நாள் வாழ்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. அவரோடு பீடி பிடித்த கூட்டாளிகளில் எத்தனை பேர் 60 வயதைத் தாண்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிழைத்தவரைத்தான் நாம் பார்க்கிறோம், பேசுகிறோம். போனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒரு தடுப்பு முறை ஊர் முழுவதற்கும் பெரிய நன்மை தரும்போது, அதைக் கடைப்பிடிக்கும் தனி ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற நன்மை ஏதும் இல்லாமலிருக்கலாம் என்று ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1980களில் விளக்கினார். உப்பைக் குறைத்த நூறு பேரில் யாருக்கு வரவிருந்த பக்கவாதம் நின்றது என்று எவராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. தடுப்புப் பணிக்கு நன்றி சொல்ல ஆள் இல்லாததற்கும், நிதி ஒதுக்கும் நேரத்தில் அது கடைசியில் நிற்பதற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உப்பைக் குறை, அரிசியைக் குறை, நட என்கிறீர்கள். சொன்னால் யாராவது மாறுகிறார்களா?

ஒரு முறை சொன்னால் பெரும்பாலும் மாறுவதில்லை. தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்து சொன்னால் மாறுகிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது; உணவையும் நடையையும் மாற்றத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதத்தினருக்கு வந்தது. விளிம்பில் நிற்கிற நம் மக்களுக்கு நோய் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதையும் அந்த 55 காட்டுகிறது.

சொல்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. இதை எங்கள் ஊர்ப் பெண்களிடம் கிராமில் சொன்னபோது ஒருவரும் தலையசைக்கவில்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஐம்பது நாளாவது வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான், பொட்டலம் பிரித்த தேதியை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதத் தொடங்கினார்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்குக்கு வெளியே உப்பைக் கொண்டுவருகின்றன என்பதை அவர்களே பிறகு கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

போலியோதான் போய்விட்டதே, இன்னும் எதற்குச் சொட்டு மருந்து?

இயற்கையாகப் பரவும் கிருமியால் வந்த இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று நாட்டுக்குச் சான்று கிடைத்தது. ஆனால் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அந்த நோய்க்கிருமி இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. கிருமிக்கு எல்லைச் சோதனை கிடையாது. பலன் தந்த வேலையை, பலன் தந்துவிட்டது என்பதற்காகவே நிறுத்துவது தடுப்புப் பணியில் அடிக்கடி நேரும் தவறு.

மருந்து அடிக்க ஆளே வரவில்லை. பிறகு டெங்கு எப்படிக் குறையும்?

புகை மருந்து பறக்கிற கொசுவை மட்டுமே கொல்லும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் முழுக் கொசுவாகிறது. அதனால் மருந்து அடித்த மறுவாரமே புதிய கொசுக்கள் பறக்கும். நம் பகுதியில் தண்ணீர் முறை வைத்து வருவதால் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். இவை போதாதென்று கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், மாட்டுக் கல்தொட்டி, டயர், தேங்காய்த் தொட்டி ஆகியவையும் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் இவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் காய வைத்தால் கொசுவின் கணக்கு முறிந்துவிடும்.

இதை ஊரே சேர்ந்து செய்தால் பலன் உண்டா என்று நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் சோதித்தார்கள். பூச்சிமருந்தை நம்பாமல் மக்களே திட்டமிட்டுக் கொசுப் புழுக்களை ஒழித்த பகுதிகளில், குழந்தைகளிடையே டெங்குத் தொற்று ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2015இல் முடிவு வெளியானது. நூறு வீட்டில் தொண்ணூறு வீடு செய்து பத்து வீடு பூட்டிக் கிடந்தால் அந்தப் பத்து வீட்டுக் கொசு போதும். முதல் கேள்வியில் சொன்னது போல, விடுபட்ட வீட்டைத் தேடுவதே இங்கும் வேலை.

ஊரெல்லாம் கழிவறை கட்டியாகிவிட்டது. வயிற்றுப்போக்கு குறையவில்லையே?

இது நேர்மையான கேள்வி, பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், கழிவறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்த பிறகும், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை என்று 2014இல் கண்டார்கள். கட்டிய எல்லோரும் அதைப் பயன்படுத்தவில்லை. கட்டாத வீடுகளும் மீதமிருந்தன. குழந்தைகளின் மலம் பழையபடி வெளியில் கொட்டப்பட்டது. எங்கள் பகுதியிலும் வறட்டியும் விறகும் அடுக்கிய கழிவறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குடம் தண்ணீருக்கு நடக்க வேண்டிய தெருவில் கழிவறைக்கு ஊற்ற இன்னொரு குடம் எங்கிருந்து வரும் என்று ஒரு மூதாட்டி கேட்டார். கட்டடத்தைக் கணக்கெடுத்தவர்கள் அந்தக் குடத்தைக் கணக்கெடுக்கவில்லை.

பலன் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். எப்படித்தான் தெரியும்?

இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. அது இல்லாமல் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதற்குப் பொருளே இல்லை. மற்றொன்று, திட்டம் நடக்காத ஓர் ஊரோடு ஒப்பிடுவது. மேலே சொன்ன ஆய்வுகளை நான் நம்புவதற்குக் காரணம் இந்த ஒப்பீடுதான்.

எண்ணுவதிலும் நம் வட ஆற்காடு முன்னோடி. 1980களின் பிற்பகுதியில், டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னெடுத்த ஏற்பாட்டில், மாவட்டத்தின் அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் போலியோ, தட்டம்மை போன்ற நோய்களைக் கண்டால் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்கள். தனியார் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. மக்கள் முதலில் போவது அவர்களிடம்தானே. ஓர் அட்டையின் விலையில் எந்தப் பக்கம் நோய் கிளம்புகிறது என்று தெரிந்தது.

கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்தது இதைவிடக் கனமானது. அங்கே ஒவ்வோர் இறப்பையும் களப்பணியாளர்கள் பதிவுசெய்து, குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேசிக் காரணத்தை அறிந்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகளின்படி, தற்கொலை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 95 என்ற அளவில் இருந்தது. அரசுப் பதிவேடுகள் காட்டியதைப் போல இது பல மடங்கு. இளம் பெண்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. காவல் நிலையத்துக்குச் சொல்லாததை, பத்து ஆண்டுகளாக வாசலுக்கு வந்துபோகும் ஒருத்தியிடம் ஒரு தாய் அழுதபடி சொன்னாள். எண்ணிக்கை வெளியே வந்த பிறகே அது ஒரு சுகாதாரப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. (இதைப் படிக்கிற யாருக்கேனும் தற்கொலை எண்ணம் இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.)

திட்டம் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் சர்க்கரை நோயாளிகள் அதிகமானார்கள். இது எப்படி?

நோயாளிகள் முன்பே இருந்தார்கள்; பெயர் பட்டியலில் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் எண்ணிக்கை கூடினால் தேடல் நன்றாக நடக்கிறது என்று பொருள். காரிகிரியில் தோலைப் பார்க்கத் தொடங்கிய காலத்திலும் இப்படித்தான் ஏறியிருக்கும். கூடிய எண்ணிக்கையைக் கண்டு அதிகாரிகள் கோபித்துக்கொண்டால், களப்பணியாளர் அடுத்த மாதம் தேடுவதைக் குறைத்துவிடுவார். அந்த ஆபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எல்லாத் திட்டமும் பலன் தருமா? தோற்ற திட்டமே இல்லையா?

இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது. 1972இல் பின்லாந்தின் வட கரேலியாவில் தொடங்கிய இதயநோய்த் தடுப்புத் திட்டத்தை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு அங்கே சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதைப் பார்த்து அமெரிக்காவின் மினசோட்டாவில் 1980களில் நடத்திய திட்டத்தில், திட்டம் நடந்த நகரங்களிலும் நடக்காத நகரங்களிலும் பழக்கங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் மாறின. நாடு முழுவதும் வீசிய காற்றில் எல்லோரும் மாறிக்கொண்டிருந்ததால் திட்டத்தின் தனிப் பலன் தெரியவில்லை. நம் பக்கத்தில் கேரளத்தில், அக்கம்பக்கத்தார் குழுக்களைக் கொண்டு சர்க்கரையைத் தடுக்க முயன்ற ஆய்விலும், இரண்டு ஆண்டுகளில் சிறு குறைவு தெரிந்ததே தவிர, அது தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இருக்கவில்லை.

நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: பச்சிளம் குழந்தை, தடுப்பூசி, தொழுநோய் போல, இன்ன ஆளிடம் இன்ன வேலையைச் செய்தால் போதும் என்று தெளிவாகத் தெரிந்த இடங்களில் சமூகத் திட்டம் வேகமாகவும் உறுதியாகவும் பலன் தருகிறது. உணவு, புகை, உடலுழைப்பு போன்ற வாழ்க்கைப் பழக்கங்களில் பலன் மெதுவாகவும் சிறிதாகவும் வருகிறது. கடையில் என்ன விற்கிறது, என்ன விலை, சட்டம் என்ன சொல்கிறது என்பவையும் சேர்ந்து மாறினால்தான் அது பெரிதாகிறது. வட கரேலியாவிலும் பால் பண்ணைகளும் உணவுத் தொழிலும் சேர்ந்தே மாறின.

தண்ணீரே கெட்டுக் கிடக்கிறது. எங்கள் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமா?

நியாயமில்லை, அதோடு நிறுத்திக்கொண்டால். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறும் நிலமும் கெட்ட ஊர்களில், கைகழுவும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது எனக்கே கூச்சமாக இருந்தது. இந்தப் பிரச்சினையை வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. மாசுபடுத்தியவரே இழப்பைச் சுமக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கையும் நான் சமூக சுகாதாரப் பணி என்றே கருதுகிறேன்.

பீடி சுற்றும் பெண்ணிடம் புகையிலைத் தூளின் கேட்டை விளக்கினால், மாற்று வேலை எங்கே என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குச் சுகாதாரத் துறையிடம் மட்டும் பதில் இருக்க முடியாது. ஆனால் அதைக் கேட்டு, எழுதி, உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் கடமை எங்களுக்கு உண்டு.

எங்கள் ஊரில் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எத்தனை முகாம் நடந்தது என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் நல்ல பதில் கிடைத்துவிடும். ஊரில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் போன மாதம் மாத்திரை வாங்கியவர் எத்தனை பேர், அழுத்தம் கட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். யார் பெயரையும் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். பிறகு, தன்னார்வலர் எந்தத் தெருவுக்கு இதுவரை வரவில்லை என்று கேளுங்கள். ஊர்க்கோடித் தெரு, காலனி, செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவர்களின் குடிசைகள், மலை மேல் இருக்கும் குக்கிராமம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய செவிலியரைக் கூட்டத்தில் கூச வைக்காதீர்கள். அவருக்கு ஆள் போதவில்லை, மருந்து வரவில்லை என்றால் அதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.